கழற்றிப் போடுவதுதான் மேம்படுத்துவதா?

கூரைமேல் சோலார் போட்டுப் பத்து, பன்னிரண்டு வருடம் ஆன தரைவீட்டுக்காரர்கள் சிங்கப்பூரில் இப்போது ஓரளவு இருக்கிறோம். எங்களுக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே சிக்கல் வந்து நிற்கிறது: பேனலின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றித் தரும் இன்வெர்ட்டர் செத்துப்போகிறது. பேனலுக்கு 25 வருட உத்தரவாதம் உண்டு. இன்வெர்ட்டர் பத்திலிருந்து பதினைந்து வருடம் ஓடினால் பெரிது. இது போடும்போதே தெரிந்த கணக்குதான். தெரியாமல் இருந்தது, அது நின்ற பிறகு வந்து பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள் என்பது. "பழசை எல்லாம் கழற்றிடலாம். புதுசா பத்து கிலோவாட் போட்டுடலாம். பழசைத் தொட்டா அப்ரூவல் கிடைக்காது." வந்தவர்கள் வேறு வேறு நிறுவனத்தார், பேசிய மொழியும் வேறு வேறு, சொன்னது மட்டும் ஒன்றே. அந்தக் கடைசி வாக்கியம் பல நாள் என்னை விடவில்லை. நன்றாக உழைக்கிற பொருளை விதி சொல்கிறது என்பதற்காகத் தூக்கிப் போடத்தான் வேண்டுமா? விதி உண்மையிலேயே அப்படிச் சொல்கிறதா? இல்லை, விதியை யாரும் முழுதாகப் பார்க்காமல் அதன் பேரைச் சொல்லித் தங்களுக்குச் சுலபமான வழியில் போகிறார்களா?

எங்கள் வீடு இயோ சூ காங் பக்கம், டீச்சர்ஸ் எஸ்டேட்டில் இருக்கிறது. 1960களில் ஆசிரியர் சங்கம் தன் உறுப்பினர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு. காளிதாசா அவென்யூ, தாகூர் அவென்யூ, ஓமர் கய்யாம் அவென்யூ, லி போ அவென்யூ என்று தெருக்களுக்கெல்லாம் கவிஞர்கள் பெயர். என் மாமனார் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 2012-ல் தன் சேமிப்பிலிருந்து எடுத்துக் கூரையின் கிழக்குச் சரிவில் 12 பேனல் போட்டார். ஒன்று 250 வாட். மொத்தம் 3 கிலோவாட். அரசு அடுக்குமாடிகளான வீவக புளோக்குகளின் கூரைகளைப் பெரிய அளவில் சேர்த்த சோலார்நோவா திட்டமே 2014-ல்தான் தொடங்கியது என்பதை நினைத்தால், மாமா எவ்வளவு முன்னால் யோசித்திருக்கிறார் என்று எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது. கார் நிறுத்தும் இடத்துச் சுவரில் மாட்டியிருந்த இன்வெர்ட்டரின் சின்னத் திரையில் அன்றைக்கு எத்தனை யூனிட் உற்பத்தியானது என்று காட்டும். வெயில் இறங்கித் திரை அணைவதற்கு முன்னால், மாலை ஆறரை வாக்கில், அதைப் பார்த்துக் கோடு போட்ட நோட்டில் எழுதிவைப்பார். வெளியூர் போயிருந்தால் தவிர ஒரு நாளும் விட்டதில்லை. 2013 ஜூனில் புகைமூட்டம் சூழ்ந்து காற்றுமாசுக் குறியீடான பிஎஸ்ஐ 401-ஐத் தொட்டதே, அந்த வாரத்தில் வழக்கமான 10, 11 யூனிட் 7-க்கு இறங்கியிருக்கிறது. ஓரத்தில் பென்சிலால் "புகை" என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

அந்த நோட்டைக் கூட்டிப் பார்த்தால் 2013-ல் சுமார் 3,600 யூனிட். இன்வெர்ட்டர் நிற்பதற்கு முந்தைய முழு ஆண்டில் 3,300-ஐ ஒட்டி வந்திருக்கிறது. பத்து வருடத்தில் 8 விழுக்காடு குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். பேனல்கள் வருடத்துக்கு அரை விழுக்காடு போல வலுவிழப்பது இயல்பு. அப்படியானால் கூரைமேல் இருப்பது கிழடு தட்டிய பொருளே இல்லை. இன்னும் பத்து வருடத்துக்கு மேல் வெயிலைக் கரண்டாக மாற்றித் தரக்கூடியது. கொட்டேஷன் கொடுத்தவர்களிடம் நோட்டைக் காட்டினேன். ஒருவரும் இரண்டாவது பக்கத்தைப் புரட்டவில்லை.

ஒரு பேனல் 18, 19 கிலோ எடை. பன்னிரண்டையும் இறக்கினால் 200 கிலோவுக்கு மேல் கண்ணாடியும் அலுமினியமும். 2021 ஜூலை முதல் நடப்புக்கு வந்த மின்கழிவுச் சட்டத்தில் சோலார் பேனலும் உண்டு. விற்றவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளும் பொறுப்பு இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது ஆயுள் முடிந்த பொருளுக்கு. முடியாத பொருளை அந்த வழியில் தள்ளிவிட்டால் சட்டத்துக்கும் பெருமை இல்லை, நமக்கும் நிம்மதி இல்லை.

விதி எதைக் கேட்கிறது

சோலார் போடும் ஒப்பந்தக்காரர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று யோசித்தேன். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பழைய பேனல், பழைய வயர், எவரோ போட்ட இணைப்பு. நாளைக்குக் கூரையில் ஏதாவது பற்றிக்கொண்டால் கடைசியாகத் தொட்டவர் தலையில்தான் விழும். முழுதாகப் புதிதாகப் போட்டால் உத்தரவாதம் கொடுப்பது சுலபம், லாபமும் அதிகம். எங்களுக்கு முதலில் போட்டுத் தந்த நிறுவனம் எப்போதோ மூடப்பட்டுவிட்டது; அதனால் இதற்குச் சொந்தம் கொண்டாடவும் ஆளில்லை. இதெல்லாம் புரிகிறது. ஆனால் "எங்களுக்கு இது கட்டுப்படியாகாது" என்று சொல்வதற்குப் பதிலாக "விதி விடாது" என்று சொல்லும்போது, வீட்டுக்காரர் வாயடைத்துப் போகிறார். விதியோடு யார் வாதாடுவது?

விதி என்று நாம் மொத்தமாகச் சொல்வதைப் பிரித்துப் பார்த்தால் சில விஷயங்கள் தெரிகின்றன. ஒரு மெகாவாட்டுக்குக் கீழே உள்ள வீட்டு அமைப்புக்கு மின் உற்பத்தி உரிமம் தேவையில்லை. ஆனால் பொது மின்கட்டமைப்போடு இணைக்க, உரிமம் பெற்ற மின்பணியாளர், அதாவது எல்லோரும் எல்இடபிள்யூ என்று சொல்கிறவர், வரைபடத்தோடு விண்ணப்பித்துப் பொறுப்பேற்க வேண்டும். இருபக்கமும் அளக்கும் மீட்டர் வேண்டும். வீட்டில் செலவழித்தது போக வெளியே போகும் யூனிட்டுக்கு வரவு கிடைக்கும். ஆனால் நாம் வாங்கும் முழு விலையில் அல்ல, கிரிட் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு. 2024-ல் ஒரு யூனிட் ஜிஎஸ்டி இல்லாமலே 30 காசை ஒட்டி இருந்தது. வெளியே போகிற யூனிட் அதைவிட மலிவாகத்தான் போகும். அப்புறம், மின்நிறுவலுக்கான சிபி 5 என்ற பழைய விதித்தொகுப்பு போய் 2018-ல் எஸ்எஸ் 638 வந்தது. 2012-ல் போட்ட எங்கள் அமைப்பு பழைய தொகுப்பின் காலத்தது. "இது சிபி 5 காலத்து வேலை, இன்றைக்குச் செல்லாது" என்று வந்தவர்களில் ஒருவர் சொன்னது இதை வைத்துத்தான்.

பழைய அமைப்பு வைத்திருப்பவருக்கு முட்டுக்கட்டையாக நிற்பது இவற்றில் எது? உரிமமும் அல்ல, மீட்டரும் அல்ல. விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்த அளவு, அதாவது இத்தனை கிலோவாட் என்ற எண். அதை மாற்றினால் மறுபடியும் முதலிலிருந்து காகித வேலை. இது எனக்குத் தெளிவானது ஒரு மதிய வேளையில், எங்கள் கூரைமேல்.

கூரைமேல் ஒரு மீட்டர்

என் கணவருடைய நண்பர் ஒருவர் மூலமாக ஓர் எல்இடபிள்யூ அண்ணன் கிடைத்தார். அறுபதைத் தாண்டியவர், கப்பல் பட்டறையில் மின்வேலை பார்த்து வளர்ந்தவர். வந்ததும் கூரையைப் பார்க்கவில்லை. "சார், பழைய ஃபைல் இருக்கா?" என்று மாமாவைக் கேட்டார். மாமா எழுந்து போய் அலமாரியிலிருந்து நீல நிறக் கோப்பைக் கொண்டுவந்தார். அதில் ஒற்றைக்கோட்டு வரைபடம், பேனலின் விவரத்தாள், இணைப்புக் கொடுத்த நாளின் சோதனை அறிக்கை என எல்லாம் இருந்தன. அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "இதை வச்சிருக்கிறவங்க ரொம்பக் கம்மி சார்" என்றார். "வாத்தியார் வேலை தம்பி, தாளைத் தூக்கிப் போட மனசு வராது" என்றார் மாமா.

பிறகு உதவியாளரோடு மேலே ஏறினார். நானும் ஏணியின் மேல்படி வரை போய் நின்று பார்த்தேன். நல்ல உச்சி வெயில். முதலில் தொடர் இணைப்பு முழுவதையும் அளந்தார். விவரத்தாளில் ஒரு பேனலின் திறந்தசுற்று வோல்டேஜ், அதாவது எதோடும் இணைக்காதபோது காட்டுவது, 37 என்று போட்டிருக்கிறது. ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் 25 டிகிரியில் அளந்தது. நம் ஊர் வெயிலில் பேனல் 60 டிகிரிக்குச் சூடேறும். அப்போது ஒன்றுக்கு 33 வோல்ட்தான் வரும் என்றார். பன்னிரண்டுக்கும் சேர்த்து 400-க்கு அருகில் காட்ட வேண்டும். மீட்டர் 386 காட்டியது. அண்ணன் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "பத்துப் பதினொரு வோல்ட் இடிக்குதும்மா. ஒரே பேனலோட மூணுல ஒரு பங்கு."

அந்தக் கணக்கு எனக்கு அப்போது புரியவில்லை, அவரே விளக்கினார். ஒரு பேனலில் 60 செல்கள். இருபது இருபதாக மூன்று கூட்டம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு டயோடு காவல். இலையோ எச்சமோ விழுந்து ஒரு கூட்டம் மறைந்தால், கரண்ட் அந்த டயோடு வழியாகச் சுற்றிப் போகும். பேனல் சூடேறிப் பாழாகாது. அந்த டயோடு ஷார்ட்டாகிவிட்டால் அந்தக் கூட்டம் எந்நேரமும் இல்லாத மாதிரிதான். இனி ஒவ்வொரு பேனலாகக் கழற்றி அளந்தார். 33, 33, 32.8, 33. ஏழாவது பேனலில் 22. பின்பக்கத்து ஜங்ஷன் பாக்ஸ் மூடியைத் திறந்து டயோடை எடுத்துக் காட்டினார். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் பழுப்பேறியிருந்தது. பக்கத்தில் எப்போதோ இறங்கிய இடியின் வேலையாக இருக்கலாம் என்றார். விலை சில வெள்ளிதான்.

நோட்டில் குறைந்திருந்த 8 விழுக்காட்டின் கதை அங்கேயே அவிழ்ந்துவிட்டது. 36 கூட்டங்களில் ஒன்று போனால் 3 விழுக்காடு. மீதி ஐந்தும் பத்து வருடத்து இயல்பான தேய்மானம். பேனல்கள் எப்படித் தேய வேண்டுமோ அப்படித்தான் தேய்ந்திருக்கின்றன. இத்தனை பேர் வந்து போனார்களே, அவர்களில் ஒருவராவது ஒரு மல்டிமீட்டரை வைத்துப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும். எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் அது முழுதாக ஆறவில்லை. அளந்து பார்க்காமலேயே "கிழடு" என்று முடிவு கட்டுவது ஒரு பொருளுக்குச் செய்யும் அநியாயம். அதைச் சேமிப்பில் வாங்கிய மனிதருக்கும்தான்.

அதே கூரையில் வேறொன்றையும் அவர் காட்டினார். கூரையோரத்தில், பேனல் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்சான டிசி ஐசோலேட்டரின் மூடி வெயிலில் வெடித்து, உள்ளே மழைநீர் இறங்கி, செம்பு முனைகளில் பச்சை பூத்திருந்தது. இரண்டு இடத்தில் இணைப்பிகள் வேறு வேறு கம்பெனியுடையவை. ஒன்றில் பிளாஸ்டிக் உருகத் தொடங்கியிருந்தது. "பேனலைப் பத்திக் கவலையில்லை. தீப்பிடிக்கிறது எல்லாம் இந்த மாதிரி இடத்துலதான். இதை நான் விடமாட்டேன்" என்றார். மெகர் என்ற கருவியை வைத்து வயரின் மின்காப்பையும் சோதித்தார், வயர் தேறியது. அவருடைய நியதி நேரானது: தான் கைவைக்கிற ஒவ்வொன்றும் இன்றைய எஸ்எஸ் 638-க்கு நிற்க வேண்டும், கைவைக்காதது பாதுகாப்பாக இருக்கிறது என்று அளந்து எழுத வேண்டும், இரண்டுக்கும் அவர் கையெழுத்துப் போடுவார். பழசைத் தொட்டால் அப்ரூவல் கிடைக்காது என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. நான்தான் கேட்டேன். "யாரும்மா சொன்னது? எழுதிக் கொடுத்த அளவை மாத்துனாத்தான் திரும்பப் போகணும். அதுவும் முடியாதுன்னு இல்லை. வேலை கூட, அவ்வளவுதான்."

மூன்று கிலோவாட்டுக்குள்ளே

இனி என்ன செய்வது? அதே 3 கிலோவாட் இன்வெர்ட்டரை மாற்றிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். என் கணவருக்கு அதில் மனம் ஒப்பவில்லை. 2012-ல் இருந்ததைவிட இப்போது வீட்டில் ஏர்கான் கூட, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். இன்றைக்குக் கொஞ்சமே கூடுதலான இடத்தில் 440 வாட் பேனல் கிடைக்கிறது. கூட்டலாமே என்றார். பேட்டரியும் வைக்கலாமே என்றார். நியாயமான ஆசைதான்.

பழைய வரிசையிலேயே புதுப் பேனலைச் சேர்க்க முடியாது. பழையது தருவது எட்டரை ஆம்பியர், புதியது பதின்மூன்று. தொடர் இணைப்பில் எல்லாவற்றின் வழியாகவும் ஒரே கரண்ட்தான் ஓட முடியும். வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றும்போது மெதுவான கையின் வேகம்தானே வரிசையின் வேகம், அது மாதிரி. ஆனால் இப்போது வரும் சின்ன இன்வெர்ட்டர்களில்கூடத் தனித்தனியாக வேலை செய்யும் இரண்டு உள்ளீடுகள் இருக்கின்றன. ஒன்றில் பழைய பன்னிரண்டு, மற்றொன்றில் புதியவை. புதியதில் மூன்று போட்டால் வோல்டேஜ் போதாது, இன்வெர்ட்டர் விழித்துக்கொள்ளவே நேரமாகும். நான்கு வேண்டும் என்றார் அண்ணன்.

எங்கே வைப்பது என்பதில்தான் அவர் திறமை தெரிந்தது. மேற்குச் சரிவு காலியாகக் கிடந்தது. வடக்கே இருக்கும் நாடுகளில் தெற்குப் பார்த்து வைத்தால்தான் லாபம். நாம் பூமத்தியரேகைக்கு 1.3 பாகை வடக்கே இருக்கிறோம், சூரியன் தலைக்கு மேலேயே ஓடுகிறது. கிழக்கோ மேற்கோ, ஆண்டுக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் நாளுக்குள் வித்தியாசம் உண்டு. கிழக்குச் சரிவு முற்பகலில் உச்சத்துக்குப் போகும். மேற்குச் சரிவு பிற்பகலில். இரண்டின் உச்சமும் ஒரே நேரத்தில் மோதாது. அதனால் பேனல்களின் கூட்டுத்தொகை நாலரைக் கிலோவாட்டைத் தாண்டினாலும் இன்வெர்ட்டர் 3 கிலோவாட்டிலேயே இருக்கலாம். நம் வானத்தில் பாதிக்கு மேல் வெளிச்சம் மேகத்தில் சிதறித்தான் வருகிறது. பேனல் தன் முழு வாட்டைத் தொடும் வேளை குறைவு. பளிச்சென்ற நாளில் உச்சியில் கொஞ்சம் வெட்டுப்படும், பொருட்படுத்த வேண்டாம்.

கட்டமைப்பின் பக்கம் போகிற அளவு மாறவில்லை. முன்பு எழுதிக் கொடுத்த 3 கிலோவாட்டேதான். பேனல் பக்கம் கூடியதை வரைபடத்தில் திருத்தி அண்ணன் தெரிவிக்கத்தான் வேண்டும். மறைத்துச் செய்கிற வேலை இதில் எதுவும் இல்லை. ஆனால் பத்து கிலோவாட்டுக்குப் போய், வீட்டுக்கு வரும் சிங்கிள் ஃபேஸ் இணைப்பையே மாற்ற வேண்டியிருக்குமோ என்று தவிக்கத் தேவையில்லாமல் போயிற்று. அந்தப் பத்து கிலோவாட்டும் எங்களுக்கு எதற்கு? மாமா பகலில் வீட்டில் இருக்கிறார். துணி துவைப்பது, அரிசி வேகவைப்பது எல்லாமே அவருடைய பழக்கத்தில் பத்து மணியிலிருந்து மூன்றுக்குள் முடிந்துவிடும். பிற்பகலில் பிள்ளைகள் வந்ததும் ஏர்கான் ஓடும். அப்போது மேற்குச் சரிவு கைகொடுக்கும். சொந்தமாகச் செலவழிக்கும் யூனிட்டுக்கு முழு விலை மிச்சம். வெளியே தள்ளும் யூனிட்டுக்குக் கழிவு போக வரவு. இந்த இடைவெளி இருக்கும்வரை கூரை நிறையப் பேனல் அடுக்குவதைவிட, வீட்டின் பகல்நேரத் தேவைக்கு ஏற்றபடி வைப்பதே சரி. பேட்டரிக்கு ஆகும் செலவை இந்த இடைவெளி ஈடுகட்டாது. அந்தப் பேச்சை என் கணவரே கணக்குப் பார்த்து விட்டுவிட்டார்.

கட்டுப்பாடு இருக்கட்டும், கதவும் இருக்கட்டும்

புது இன்வெர்ட்டர் மாட்டிய அன்றைக்கு அண்ணன் ஒரு சோதனை செய்தார். நல்ல வெயில், 2 கிலோவாட்டுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டின் மின்விநியோகப் பெட்டியான டிபி பாக்ஸில் மெயினை அணைத்தார். இரண்டு விநாடிகூட ஆகவில்லை. உள்ளே ரிலே தட்டும் சத்தம், திரையில் பூஜ்யம். மாமாவுக்கு இது எப்போதும் ஒரு குறை. "வெயில் இவ்வளவு அடிக்குது, கரண்ட் போனா நம்ம பேனலும் சேர்ந்து நிக்கணுமா?" என்று கேட்டார். அண்ணன் தன் பழைய தோழர் ஒருவரைப் பற்றிச் சொன்னார். லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கைவைத்தவர். எங்கோ பின்பக்கமிருந்து வந்தது கரண்ட். ஆள் பிழைத்துக்கொண்டார், கை சரியாகவில்லை. "கேபிள் வேலைக்குப் பள்ளத்துல இறங்குறவன் உங்க கூரையை நம்பி இறங்குறான் சார்." மாமா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நானும் இந்தக் கட்டுப்பாட்டை மனமார ஏற்கிறேன். இன்னும் கடுமையாக்கினாலும் ஏற்பேன். ஐசோலேட்டருக்குள் பச்சை பூத்திருந்ததைப் பார்த்த பிறகு, எல்இடபிள்யூ கையெழுத்து இல்லாமல் கூரையில் எதையும் தொடக்கூடாது என்பதும் சரியாகவே படுகிறது.

என் ஆதங்கம் வேறு இடத்தில். தேடித் தேடிப் படித்தவரை, வழிகாட்டிகள் எல்லாம் புதிதாகப் போடுகிறவரை நோக்கியே எழுதப்பட்டிருக்கின்றன. முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய், கடைசியில் இணைப்பு. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு இன்வெர்ட்டர் நின்றால் என்ன செய்ய வேண்டும், அதே அளவில் மாற்றினால் எவ்வளவு காகிதம், பேனலை மட்டும் கூட்டினால் எவ்வளவு, எது புது விண்ணப்பம், எது வெறும் தகவல் என்று வீட்டுக்காரர் படித்துப் புரிந்துகொள்ளும்படி ஒரு பக்கம் என் கண்ணில் படவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் "விதி விடாது" என்ற பேச்சு முளைக்கிறது.

மற்ற இடங்களிலும் பழையவர்கள் இதே சுவரில் முட்டுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஆரம்பத்திலேயே போட்டவர்களுக்கு, வெளியே விடும் யூனிட்டுக்கு 44 காசு தருகிறார்கள், 2028 வரை. இன்வெர்ட்டரை அனுமதித்த அளவுக்கு மேல் பெரிதாக்கினால் அந்த விலை போய்விடும். அதனால் பலர் பழைய சின்ன அமைப்பைத் தொடாமலே வைத்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் 2023 ஏப்ரலில் வெளியே விடும் யூனிட்டுக்குத் தரும் விலையை வெகுவாகக் குறைத்தபோது, பழைய திட்டத்தில் இருப்பவர்கள் தங்கள் அமைப்பைப் பத்து விழுக்காடு அல்லது ஒரு கிலோவாட், இவற்றில் எது அதிகமோ அதுவரை கூட்டிக்கொள்ளலாம், பழைய விலை போகாது என்று எழுதிவைத்தார்கள். எனக்குப் பிடித்தது அந்த ஒரு வரிதான். பழையவர் என்று ஒருவர் இருக்கிறார், அவர் வீடும் மாறும், அவருக்கும் கொஞ்சம் இடம் வேண்டும் என்று யாரோ யோசித்து எழுதிய வரி அது. திருச்சியில் என் கூடப்பிறந்த அண்ணன் 2024-ல் வந்த பிரதமர் சூர்யா கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியத்தோடு 3 கிலோவாட் போட்டிருக்கிறான். அங்கே எல்லாமே புதிது. இந்தக் கேள்வி அவனுக்கு வர இன்னும் பத்து வருடம் ஆகும். வரும்போது பதில் இருக்க வேண்டும்.

நமக்கோ இது இப்போதே தேவை. நம் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இறக்குமதி செய்த இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. நிலம் இல்லாததால் தெங்கே நீர்த்தேக்கத்தின் தண்ணீர்மேல் 1,22,000 பேனல்களை மிதக்கவிட்டிருக்கிறோம். 2021-ல் திறந்த அந்தப் பண்ணை 45 ஹெக்டேர், 60 மெகாவாட். 2030-க்குள் 2 கிகாவாட் என்று இலக்கும் வைத்தோம். இவ்வளவு பாடுபட்டு இடம் தேடும் நாட்டில், பேனல் நன்றாக இருந்தும் இன்வெர்ட்டர் செத்ததால் சும்மா வெயில் காயும் கூரை ஒன்றுகூட இருக்கக்கூடாது. எரிசக்திச் சந்தை ஆணையத்திடம் நான் கேட்பது சலுகை விலையோ மானியமோ இல்லை. அதே கிலோவாட்டுக்குள் பழுது பார்ப்பவருக்கு, எல்இடபிள்யூ அளந்து எழுதிய சோதனை அறிக்கையோடு ஒரு சிறிய, தெளிவான படிவம். அதில் பழைய வரிசையின் வோல்டேஜும் காப்புச் சோதனையும் கட்டாயமாக இருக்கட்டும். அளக்காமல் யாரும் "கழற்று" என்று சொல்ல முடியாது. அளக்காமல் யாரும் ஆபத்தான பழைய இணைப்பை விட்டுவைக்கவும் முடியாது.

எங்களுக்கு ஆன செலவைச் சிலர் கேட்டார்கள். இன்வெர்ட்டர், நான்கு பேனல், ஐசோலேட்டர், இணைப்பிகள், அண்ணனுடைய கட்டணம் எல்லாம் சேர்த்து, முழுதாக மாற்றச் சொன்ன கொட்டேஷன்களில் மிகக் குறைந்ததில் பாதிகூட இல்லை. மேற்குச் சரிவு சேர்ந்ததில் ஆண்டுக்கு ஐயாயிரம் யூனிட்டை ஒட்டி வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம்.

பக்கத்துத் தெருவில் ஒருவர் 2014-ல் போட்ட அமைப்பை முழுதாகக் கழற்றுவதற்கு ஒப்பந்தம் போட்டுவிட்டார், முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. கேள்விப்பட்டு எனக்கு மனசு கனத்தது. அண்ணனிடம் சொன்னபோது அவர் உடனே கேட்டது: "அது 250, 260 வாட் பேனலா இருக்குமே? நல்லதா ரெண்டு கேட்டு வாங்கி வைங்கம்மா. நம்ம வரிசைல ஒண்ணு உடைஞ்சா எட்டரை ஆம்பியர் பேனல் இப்ப எந்தக் கடையிலயும் கிடைக்காது." மாமா அன்று மாலையே போய்க் கேட்டுவிட்டு வந்தார். கழற்றுகிற அன்று காலையில் மல்டிமீட்டரோடு வரும்படி அண்ணனுக்குச் சொல்லியிருக்கிறோம்.